மாரியாயி வீட்டு மாடக்குழி

பொகவந்தலாவை பஸ் நின்றும் நிற்காததுமாக நடத்துனர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, ஒங்க சவரிமுத்து ஐயா காலையில தவறிப் போயிட்டாருங்க." ஏறுவதற்காகத் தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டேன். ஹட்டனில் ஒரே அறையில் பதினொரு வருடம் தேயிலைத் தோட்டக் கட்டடங்களுக்குப் படம் வரைந்தவர்கள் நாங்கள். அவர் வரைவார், நான் ட்ரேசிங் தாளில் மை போடுவேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் குப்பையில் அட்டையில்லாத சிறு நூலொன்று சவரிமுத்துவுக்குக் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கட்டடக்கலைஞர்கள் சிலர் வெளியிட்ட அறிக்கை அது. அலங்காரத்தைத் தூக்கியெறியுங்கள், வீட்டுக்குள் வெளிச்சத்தையும் காற்றையும் விடுங்கள் என்பது அதன் சாரம். ஜன்னலில்லாத லயக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பிறந்தவருக்கு அது வேதமாகிவிட்டது. "நம்ம ஆளுகளுக்குன்னே எழுதியிருக்கான்யா" என்பார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, சோறு ஆறும்வரை வாசிப்பார்.

பன்னிரண்டு வீடுகள் கொண்ட புதிய லயத்துக்கு அவர் வைத்த ஜன்னல்களை உங்களில் பார்த்தவர்கள் மறக்கமாட்டீர்கள். அந்த வீடுகளில் பிள்ளைகளின் இருமல் குறைந்தது உண்மை. வழக்கப்படி நான் சுவர்களில் விளக்கு வைக்கும் மாடக்குழியையும் வரைந்திருந்தேன். "இதெல்லாம் பழைய அலங்காரம், சும்மா சள்ள. சொவரு சொவரா இருக்கட்டும், எடுத்துருங்க" என்றார். எங்கள் வீட்டு விளக்கும் மாடக்குழியில்தான் எரிந்தது, எனக்குத் தெரியாதா? தெரிந்தும், பிளேடை எடுத்து மாடத்தின் மையைச் சுரண்டினேன்.

குடிபோன அன்று கொழுந்து பறிக்கும் மாரியாயி கேட்டாள்: "ஐயா, வெளக்க எங்கங்க வைக்கிறது?"

"மேசையில வைங்க" என்றார் சவரிமுத்து.

"மேச எங்கங்க இருக்கு?"

அவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

விளக்கை மாட்டச் சீமெந்துச் சுவரில் ஆணி இறங்கவில்லை. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைத் தரையில் வைத்தார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் பொழுது சாயும் நேரம், மாரியாயியின் ஐந்து வயது மகள் செல்வியின் பாவாடையில் தீப்பிடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பிள்ளை போய்விட்டது.

விசாரணையில் தோட்டத்தின் புதிய துரை படத்தை விரித்து, சுரண்டிய தடத்தைக் காட்டி, மாடத்தை எடுத்தது யார் என்று கேட்டார். தாளின் மூலையில் என் கையெழுத்து இருந்தது. "நான்தாங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் சவரிமுத்து. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் தேவாலயப் பூசை முடிந்ததும் உளியும் சுத்தியலுமாக அந்த லயத்துக்குப் போனார். வீடு வீடாகத் தானே மாடக்குழி வெட்டினார். மாரியாயி வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனார். அவள் வாசலிலேயே நின்று, "இப்ப எதுக்குங்க?" என்றாள். அவர் சுவரில் உளியை வைத்தார். வெட்டி முடிக்கும்வரை அவள் வாசலைவிட்டு நகரவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும், யாராவது சுவரில் ஆணி அடித்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி அந்த நூலை என்னிடம் தந்தார். "ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாருங்க." அலங்காரத்தைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: செல்வி. தன் பெயரை அவர் எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை.

அவரை அறிந்தவர்களே, அந்தப் பிள்ளையின் சாவை அவர் தலையில் போட்டுப் பேசியவர்கள் உங்களில் உண்டு. நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். எடுக்கச் சொன்னது அவர் என்பது சரி. விளக்கு எங்கே எரியும் என்று தெரிந்தே சுரண்டியது நான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நூல். அந்தப் பெயருக்குக் கீழே இன்று என் பெயரை மையால் எழுதினேன்.