வேலாயியைக் கொன்றவள் நான்தான்

தங்கையா அண்ணன் ஜாசினில் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஆள் ஆறடி, பேச்சு நாலு வார்த்தை. அந்த மனிதர்தான் எங்கள் வாட்ஸ்ஆப் கதைக்குழுவில் வேலாயியை உருவாக்கியவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

குழுவில் இருபது பேர் சேர்ந்து ஒரு கற்பனை ரப்பர் தோட்டத்தின் கதையை எழுதுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம், அந்தப் பாத்திரமாகவே பேச வேண்டும். எழுதுவதை நிறுத்துகிறவர்கள் தங்கள் பாத்திரத்தை 'ரெடிமேட்' பட்டியலில் போட்டுவிடுவார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். செத்த பாத்திரம் மட்டும் திரும்பி வரக் கூடாது.

போன வருஷம் அண்ணன் நிறுத்திக்கொண்டார். வேலாயியைப் பற்றிப் பட்டியலில் இவ்வளவுதான் எழுதியிருந்தார்: "பால் மரம் வெட்டுற அம்மா. யாரப் பாத்தாலும் 'சாப்டியாய்யா? சாப்டுட்டுப் போ'ன்னு சொல்லும்."

செங் என்கிற ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து வரும் எனக்கு இந்தச் சுலபமான கிழவி பிடித்திருந்தாள். அவளை எடுத்துக்கொண்டு எட்டு மாதம் ஒழுங்காகத்தான் எழுதினேன். பிறகு சலித்துவிட்டது. எத்தனை நாள்தான் ஒருத்தி எல்லாரையும் சாப்பிட்டாயா என்றே கேட்டுக்கொண்டிருப்பாள்? தீபாவளிக்கு முந்தின வாரம் அவளைப் பாம்பு கடிக்கவைத்துச் சாகடித்தேன். குழுவில் அழுகிற எமோஜி முகங்களாக வந்து குவிந்தன. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பட்டியலில் கிடந்ததுதானே என்கிற திமிர்.

மறுவாரம் ஜாசின் சந்தைக்குப் போனபோது அண்ணன் டீக்கடையில் இருந்தார். நானே வலியப் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஒங்க வேலாயிய என்ன செஞ்சேன் தெரியுமா?"

"படிச்சேன் பவானி."

"நீங்கதான் நிறுத்திட்டீங்களே?"

"எழுதறதத்தான் நிறுத்துனேன். மத்தியானம் மில்லு வாசல்ல லோரி வரிசையில நிக்கறப்ப தெனமும் படிப்பேன்லா." டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "அது எங்கம்மா. பேரக்கூட மாத்தல. நானே எழுதுனா நானே கேக்குற மாதிரி இருந்துச்சு. வேற யாராச்சும் எழுதுனாதான் அவங்க கேக்குற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன். நீ நல்லா எழுதுன. சாப்டியாய்யான்னு வந்தா, சாப்டேம்மான்னு சொல்லிக்குவேன்."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அவங்க செத்தப்ப நான் சிகாமாட்ல லோடு எறக்கிக்கிட்டு இருந்தேன். இந்தத் தடவையும் லோரிலதான் இருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்பு கேட்டேன். "நீ என்ன செய்வ, தெரியாமத்தான" என்று சொல்லி, எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மதியம் மனசு கேட்காமல் அவருடைய எண்ணுக்கே அனுப்பினேன்: "சாப்டியாய்யா? சாப்டுட்டுப் போ."

உடனே பதில் வந்தது.

"சாப்டேன் தங்கச்சி."