தடை ஏதும் இல்லை என்று எழுதியிருந்தது

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒரு தேர்தல் சமயம். வாடகை ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்த என்னை, பிரசாரத்துக்குப் போகும் ஒரு தலைவரோடு ஆரணிக்கு அனுப்பினார்கள். நான் பிறந்த ஊர். அப்பா அம்மா போய், வீட்டையும் விற்ற பிறகு அங்கே எனக்கென்று யாரும் கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. விமானம் எப்படி வர வேண்டும் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் பக்கம் பக்கமாக அச்சடித்திருப்பார்கள். ஹெலிகாப்டருக்கு? எந்தப் பக்கமாக நுழைவது, எவ்வளவு உயரத்தில் வருவது, எங்கே இறங்குவது, பல இடங்களில் ஒன்றும் தெளிவாக இருக்காது. நிலையங்களே அப்படி என்றால் ஆரணி மைதானத்துக்கு என்ன கிடைக்கும்? அரைத் தாள் கொடுத்தார்கள். 'கிழக்கிலிருந்து வரவும். தடை ஏதும் இல்லை.'

காலை வெயில் ஏறும் நேரம். சொன்னபடியே கிழக்கிலிருந்து தாழ்ந்து வந்தேன். கீழே ஒரு தெரு முழுக்க மஞ்சளாக மின்னியது. பட்டுப் பாவு! சேலைக்கான நீள இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் இறக்கைக் காற்று பட்டால் அத்தனை இழையும் புழுதியோடு சிக்கிப் பாழாகிவிடும். ஒரு குடும்பத்தின் பல வாரப் பிழைப்பு அது. தாள் எழுதியவருக்கு மரமும் கம்பியும்தான் தடை. இரண்டு பேர் பாவின் மேல் குனிந்து கைகளால் மறைப்பதைப் பார்த்தேன். சட்டென்று மேலே ஏறி விலகினேன்.

"இன்னாப்பா, ஜனம் காத்துகினு கீது, நீ ஊரைச் சுத்திகினு கீற?" என்று பின்னாலிருந்து தலைவரின் உதவியாளர் கத்தினார். ஆற்றுப் பக்கம் போய், கம்பி கிம்பி இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாக வந்து மைதானத்தில் இறக்கினேன். "உன் கம்பெனிக்குச் சொல்றேன், இரு" என்று முறைத்துவிட்டுப் போனார் அவர். கூட்டமும் தலைவர் பின்னாலேயே போய்விட்டது. இயந்திரத்தை விட்டு நான் நகரக் கூடாது. சொந்த ஊரில், கயிறு கட்டிய வட்டத்துக்குள் தன்னந்தனியாக நின்றேன். அழாத குறைதான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா மூச்சு வாங்க வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். கையெல்லாம் கஞ்சிப் பசை.

"நீங்கதான் ஓட்டிகினு வந்தீங்களா? எங்க பாவு மேல வராம திரும்பிட்டீங்களே, எப்டிங்க தெரிஞ்சிது?"

"நானும் அந்தத் தெருதாங்க."

எந்த வீடு என்று கேட்டார். சொன்னேன்.

"ஐய, அதை இடிச்சி மாடி கட்டிட்டாங்களே" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதனால இன்னா? எங்க வூட்டுக்கு வாங்க. ஒரு வாய் சாப்ட்டுப் போவலாம்" என்றார்.

கூப்பிடு தூரம்தான். ஆனாலும் போக முடியவில்லை. தலைவர் திரும்பி வந்ததும் ஆற்றுப் பக்கமாகவே கிளம்பிவிட்டேன். அலுவலகம் போனதும் அந்தத் தாளில், 'காலையில் கிழக்கிலிருந்து வர வேண்டாம், தெருவில் பட்டு நூல் கட்டியிருப்பார்கள்' என்று எழுதி வைத்தேன். யார் படித்தார்களோ, தெரியாது.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். எத்தனையோ ஊர்களில் இறங்கியிருக்கிறேன். என்னைப் பார்த்து 'வீட்டுக்கு வாங்க' என்றவர் அந்த அம்மா ஒருவர்தான். தனியாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம், அந்த வீட்டில் எனக்கு இன்னும் ஒரு இலை போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.