பெட்டிக்கார அக்காவின் பன்னிரண்டாவது வீடு

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆய்வக உதவியாளர் என்று பெயர். குடியிருந்த தெருக்களில் எல்லாம் பெட்டிக்கார அக்கா. இரண்டில் எது பெரிய உத்தியோகம் என்று கேட்டால் இரண்டாவதுதான் என்று அடித்துச் சொல்லலாம். முதல் வேலைக்குச் சம்பளமாவது உண்டு. இரண்டாவது வேலையைப் பத்தொன்பது வருஷத்தில் பதினோரு தடவை செய்திருந்தாள். ஒரு தடவைகூட, கை வலிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

அவள் கணவர் எடை மெஷின் மெக்கானிக். கடை கடையாகப் போய் மெஷினைப் பிரித்து மேய்ந்து சரிபார்த்துக் கொடுப்பவர். ஒரு கிராம் பிசகினாலும் பொறுக்க மாட்டார். அந்தக் குணம் மெஷினோடு நின்றிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கை நீட்டியது கிடையாது. தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். ஆனால் 'நியாயம்' என்று ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்தத் தங்கமான மனுஷன் பெண்டாட்டியின் முதுகெலும்பை முறித்த கதை ஊருக்குத் தெரியாது.

இரண்டாவது வீட்டில் தண்ணீர் மோட்டாரை ஐந்து நிமிஷம் முன்னதாக நிறுத்திவிட்டார்கள் என்று சண்டை. நாலாவது வீட்டில் சுவரில் ஆணி அடிக்கலாமா கூடாதா என்று சண்டை. ஏழாவது வீட்டில் மாடிப்படியில் யாரோ செருப்பைக் கழற்றிப் போட்டார்கள் என்பதற்காக இவர் வீட்டையே காலி செய்தார். என்னத்தைச் சொல்ல! ஒவ்வொரு தடவையும் ஒரே நாடகம்தான். வெளியே வாய்ச்சண்டை போட்டுவிட்டு உள்ளே வருவார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், அடுத்த ஒன்றாம் தேதி கிளம்புகிறோம் என்பார். எந்தத் தெரு, எத்தனை அறை, பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். அவள் ஒன்றும் கேட்காமல் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டிகளை இழுப்பாள்.

அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கண்ணாடிக் குடுவைகள் வந்து இறங்கும் அட்டைப் பெட்டிகள் அவை. இரண்டு அடுக்கு அட்டை, ஆள் ஏறி நின்றாலும் நசுங்காது. மொத்தம் இருபத்தாறு. வீடு மாறி முடிந்ததும் மற்றவர்கள் பெட்டியைத் தூக்கி எறிவார்கள். இவள் ஒட்டுத்தாளைப் பதமாக உரித்து, பெட்டியைத் தட்டையாக மடித்து, கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைப்பாள். எந்தத் தேதியில் வேண்டியிருக்குமோ, யார் கண்டது!

கட்டுவதில் அவளுக்கென்று சட்டங்கள் இருந்தன. பெயரைப் பெட்டியின் தலையில் எழுதக் கூடாது, பக்கத்தில்தான் எழுத வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் தலை தெரியாது அல்லவா? தட்டைப் படுக்கவைக்கக் கூடாது, நிறுத்தி வைக்க வேண்டும். கனத்த சாமானுக்குச் சின்னப் பெட்டி, லேசான சாமானுக்குப் பெரிய பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர், நோட்டில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பக்கம். எந்தச் சாமான் எந்தப் பெட்டியில் எந்த மூலையில் என்பதுவரை அதில் இருக்கும். ஒன்றாம் நம்பர் மட்டும் தனி. அது முதல் நாள் பெட்டி. பல்பு, தீப்பெட்டி, டீத்தூள், ஒரு பாத்திரம், ஸ்க்ரூ டிரைவர், சோப்பு. லாரியில் கடைசியாக ஏறி, முதலில் இறங்கும். ஏதோ ஓர் இருட்டு வீட்டுக்குள் நுழைந்து பத்தாவது நிமிஷம் அவர் கையில் சூடாக டீ இருக்கும். அது பூமியிலிருந்து தானாக ஊறி வருகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

ஒரே மகள். அந்தப் பெட்டிகளின் மேலிருந்த எழுத்தைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினாள். ஐந்து பள்ளிக்கூடம் மாறினாள். கல்லூரி வந்ததும் விடுதிக்குப் போனவள், லீவுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. கூப்பிட்டால், எந்த வீட்டுக்கு வரச் சொல்கிறாய் என்று கேட்பாள். கிண்டலாகத்தான் கேட்பாள். அம்மாவுக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒற்றைக்காலில் நின்றாள். சொந்த வீடு வாங்க வேண்டும், அதற்குமேல் ஒரு பெட்டிகூடக் கட்ட மாட்டேன் என்றாள். அவளுடைய சேமநல நிதி முழுவதும் அதற்குப் போகட்டும் என்றாள். சொந்த வீட்டில் யாரும் நம்மைக் கேள்வி கேட்க முடியாது என்ற நியாயம் பிடித்துப்போய் அவரும் தலையாட்டினார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. கிடைத்தது.

பன்னிரண்டாவது வீட்டுக்குப் போட்ட திட்டத்தைப் போல் அவள் எதற்கும் போட்டதில்லை. ஆய்வகத்திலிருந்து கட்டம் போட்ட தாள் கொண்டுவந்து வீட்டின் அளவை அதில் வரைந்தாள். கட்டில், பீரோ, மேஜை எல்லாவற்றையும் அதே அளவில் காகிதத்தில் வெட்டி, அந்த வீட்டுக்குள் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். மூன்று வாரம் சோறு தண்ணீர் மறந்து அதே வேலை. பழைய வீட்டுக்கு அடுத்த குடித்தனம் முப்பதாம் தேதி மூட்டை முடிச்சோடு வந்து நிற்கும் என்பதால், லாரியையும் ஆட்களையும் முப்பதாம் தேதி காலைக்கே பேசி முடித்தாள்.

பத்திரப் பதிவுக்கும் அதே முப்பதாம் தேதிதான் கிடைத்தது.

அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். பதிவை ஒரு வாரம் தள்ளலாம் என்றார்கள். தள்ளினால் சாவி கிடைக்காது, சாமானோடு தெருவில் நிற்க வேண்டும். லாரியை அவரிடம் விட்டுவிட்டுத் தான் கையெழுத்துப் போடப் போகலாம். ஆனால் எந்தப் பெட்டி எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அன்றைக்கு மிகவும் கனிவாகப் பேசினார்.

"நீ இல்லாம லாரி நகருமா சொல்லு? ஆபீஸ் வேலையை நான் பாத்துக்கறேன். என் பேர்லயே முடிச்சிடறேன். யார் பேர்ல இருந்தா என்ன, நீ வேற நான் வேறயா?"

அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. தான் இல்லாமல் லாரி நகராது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டாரே! அட பைத்தியமே என்று பக்கத்திலிருந்து யாராவது மண்டையில் குட்டியிருக்க வேண்டும். யாரும் இல்லை. அவர் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் லாரிக்குப் பக்கத்தில் நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தாறும் சரியாக இருந்தன. ஒரு தட்டு உடையவில்லை.

புது வீட்டில் முதல் வேலையாகச் சுவரில் ஆணி அடித்தாள். யாரையும் கேட்காமல், வேண்டுமென்றே இரண்டு ஆணி அதிகமாக அடித்தாள். இரண்டாவது வாரம் எல்லாப் பெட்டிகளையும் தட்டையாக மடித்துக் கட்டி, தெருமுனைப் பழைய பேப்பர்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டாள். நல்ல பெட்டியாச்சே, இனிமேல் வேண்டாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றாள். படி ஏறி வரும்போது கையில் ஒன்றும் இல்லாதது ஒரு மாதிரியாக, ரொம்ப சுகமாக இருந்தது.

மகள் வந்தாள். நாலு நாள் இருந்தாள். போகும்போது தன் அலமாரியில் இரண்டு உடுப்பை விட்டுவிட்டுப் போனாள். அவள் அப்படி எதையும் எந்த வீட்டிலும் விட்டுப் போனதில்லை.

ஏழாவது மாதம் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் கோட்டைத் தாண்டி அரை அடி உள்ளே நிற்கிறதாம். இவர் டேப் வைத்து அளந்தார். குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார், பிறகு அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று இன்னொரு கடிதம் எழுதினார். சொந்த வீடுதானே, கத்திவிட்டுப் போகட்டும் என்று அவள் நிம்மதியாக இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றி, அவள் அடித்த ஆணியில் மாட்டினார்.

"இவங்ககூட மனுஷன் இருப்பானா? முன்பணம் வாங்கிட்டேன். அடுத்த ஒண்ணாம் தேதி கிளம்பறோம்."

எதற்கு முன்பணம் என்று கேட்டாள். வீட்டை விற்றாகிவிட்டது என்றார்.

"அது என் பணம்ங்க."

"பணம் எங்க ஓடிப் போகுது? பேங்க்லதானே இருக்கும். நியாயமான ஆளுங்க இருக்கற எடமா பாத்து வாங்குவோம். அதுவரைக்கும் வாடகைக்கு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்."

"என் கையெழுத்து வேணாமா?"

"பத்திரம் என் பேர்லதானே இருக்கு."

அவர் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. மெஷினில் தெரிகிற எடையைப் படித்துச் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, பெட்டியெல்லாம் எங்கே காணோம் என்று கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அந்தப் பெட்டிகளைத் தேடியது அன்றைக்குத்தான். பாவி மனுஷன்!

அவளுக்கு அழுகை வரவில்லை. மாடி வராந்தாவுக்குப் போய் மகளுக்குப் போன் செய்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மகள் அப்பாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் நீதானேம்மா கட்டிக் குடுத்தே," என்றாள் மகள். "நீ கட்டலேன்னா அவர் எங்க போயிருப்பார்?"

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது என்று கோபம் பொங்கி வந்தது. என் இரண்டு உடுப்பையும் மறந்துவிடாதே என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள்.

மறுநாள் பழைய பேப்பர்காரரிடம் போனாள். பெட்டிகள் அப்படியே இருந்தன. அவர் அவற்றைப் பிரித்து நிறுத்தி, பித்தளை ஒன்றில், புட்டி ஒன்றில், பழைய செருப்பு ஒன்றில் என்று தரம் பிரித்துப் போட்டு வைத்திருந்தார். ஏழு மாதமாகியும் ஒரு பெட்டிகூட நசுங்கவில்லை. அவர் எல்லாவற்றையும் கொட்டி, தூசி தட்டிக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் புண்ணியத்துக்கு அவர் நன்றாக இருக்கட்டும்.

இந்தத் தடவை அவள் அறை வாரியாகக் கட்டவில்லை. ஆள் வாரியாகக் கட்டினாள். அதில் ஒரு தமாஷ் தெரியவந்தது. அவருடைய சாமான், குடும்பத்தின் சாமான், அவர் விரும்பி வாங்கிய சாமான் என்று பிரித்துக்கொண்டே போனால் இருபத்திரண்டு பெட்டி நிறைந்துவிட்டது. அவளுடையது மூன்று பெட்டிக்குள் அடங்கிவிட்டது. மகளுடைய இரண்டு உடுப்பு, பழைய பள்ளிப் புத்தகங்களுக்கு ஒன்று. பத்தொன்பது வருஷமாக இதைத்தானா சுமந்தோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அவர் வீட்டு மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது.

ஒன்றாம் தேதி காலையில் லாரி வந்தது. ஆட்கள் இருபத்திரண்டு பெட்டியையும் ஏற்றிவிட்டு மீதிக்குக் கை வைத்தபோது அவள் தடுத்தாள். நோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"இந்த நாலும் ஏறாது. நானும் வரலை."

அவர் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"சரி, கோபம் தணிஞ்சதும் பஸ் புடிச்சு வா," என்றார். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எப்போதும் அவள் உட்காரும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் டீச்சர் வீட்டு மாடியில், பிரிக்காத நாலு பெட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது.

"பல்பு எங்க வெச்சிருக்கே? ஒரே இருட்டா கெடக்கு."

"ஒண்ணாம் நம்பர் பெட்டி. வலது ஓரம். பேப்பர்ல சுத்தியிருக்கேன்."

"தீப்பெட்டி?"

"அதுலயேதான். டீத்தூள் டப்பாக்குப் பக்கத்துல."

ஹும் என்று ஒரு சத்தம். பெட்டியைக் கிழிப்பது போனில் கேட்டது. கிடைத்துவிட்டது போலிருக்கிறது, போனை வைத்துவிட்டார். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. ஆச்சரியம் எல்லாம் தன் வாயைப் பற்றித்தான். கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிட்டதே! சனியன் பிடித்த வாய் என்று அதன்மேல் ஓர் அடி போட்டுக்கொண்டாள்.

ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எழுந்து போய் சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. அண்ணாந்து பார்த்தாள். ஹோல்டர் வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் கை தானாக ஒன்றாம் நம்பர் பெட்டியைத் தேடியது. அது அவரிடம் போயிருந்தது. பன்னிரண்டு வீட்டுக்கும் முதல் நாள் பெட்டி கட்டியவள், பதின்மூன்றாவதையும் அவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு பல்புகூட எடுத்து வைக்கவில்லை.

பர்ஸை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் படி இறங்கினாள். கடை இன்னும் திறந்திருக்க வேண்டும்.