கேட்பது வேலை இல்லை

காலை ஆறேகால் மணிக்கு, நீல கேட் போட்ட வீட்டின் முன்னால் நின்று மோகன்குமார் செருப்பைக் கழற்றி உதறுகிறார். செருப்பில் கல் ஏதும் இல்லை. அடுத்தவர் வாசலில் சும்மா நிற்க முடியாதல்லவா, அதற்காக ஒரு கல். கேட்டுக்கு உள்ளே, கீழ்த்தொட்டித் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் அரை எச்.பி. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்தெருவில் இருபது விசைத்தறிகள் ஒன்றாக அடிக்கின்றன. அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து மோட்டாரை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்கிறார். "பேரிங் இன்னொரு மாசம் தாங்குமுங்க" என்று தனக்குத்தானே மரியாதையாகச் சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்கிறார்.

கோவைக்குப் பக்கத்தில் கருமத்தம்பட்டியின் அந்தக் குடியிருப்பில் ஆறிலிருந்து ஏழு வரை எல்லா வீட்டிலும் தண்ணீர் ஏற்றுவார்கள். அவருக்கு அதுதான் கச்சேரி நேரம். வயது நாற்பத்தேழு. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர். யாராவது உள்ளே கூப்பிட்டால் அதன் முனையை மோட்டாரின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். "நீங்களே கழட்டிப் பாத்துருங்களேன்" என்றால் மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார்.

"அது ஆகாதுங்க. கேக்கறது வேலை இல்லீங்க, தொட்டாத்தான் வேலை. நான் வேலைய உட்டுப்போட்டு வந்தவனுங்க."

விட்டுவிட்டு வந்தவர்தான். பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் இருபத்துநான்கு வருடம். செய்து முடித்த மோட்டார் ஒவ்வொன்றும் அவர் காதைத் தாண்டித்தான் லாரி ஏறும். கோடைக்கால ஆர்டர் அவசரத்தில் மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டாலும் கெட்டதை நல்லது என்று எழுத மாட்டார். நல்லதைக் கெட்டது என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. சம்பளம் மற்றவர்களுக்குக் கொடுத்ததுதான். இந்தப் பெருமை மட்டும் அவருக்குத் தனியாகக் கிடைத்தது.

பின் ஏன் விட்டார் என்று கேட்டால் வரதராஜுலுவின் கதையைச் சொல்வார். வரதராஜுலு அவருக்குத் தொழில் பழக்கிய ஃபோர்மேன். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுபெற்ற அன்று மாலையும் கழுத்துமாக மேடையில் உட்காரவைத்தார்கள். முதலாளி பேசும்போது, முந்தின வருடம் வரதராஜுலுவின் மனைவி தவறிப்போனதைச் சொல்லிக் குரல் கம்மினார். அந்த இடத்தில் வரதராஜுலு சிரித்த முகத்தோடு கை தட்டினார். முப்பத்தைந்து வருட இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துவிட்ட மனிதருக்கு ஒரு சொல்லும் விழவில்லை. கீழே உட்கார்ந்திருந்த மோகன்குமாருக்கு அப்போது இருபத்துநான்கு வயது. "காது இருக்கறப்பவே வெளிய வந்துரோணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிப்போட்டனுங்க" என்பார்.

பெண் பார்க்கப் போன இடத்திலேயே புவனாவிடம் அதைச் சொல்லிவிட்டார். "நாப்பத்தாறு வயசுல வேலைய உட்டு நின்னுக்குவேனுங்க. அதுவரைக்கும் கொஞ்சம் இறுக்கிப் புடிக்கோணும்." மாப்பிள்ளை விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று புவனா சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகுதான் அது விளையாட்டில்லை என்று தெரிந்தது. சிமெண்டுத் தரைக்கு டைல்ஸ் எப்போது? நாற்பத்தாறுக்கு அப்புறம். வாஷிங் மெஷின்? நாற்பத்தாறுக்கு அப்புறம். இருபது வருடம் கையால் துவைத்தார் புவனா. அவர் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்; ஸ்கூட்டர் வாங்க ஆசைப்பட்டு, இன்றுவரை டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார். மகள் கனிஷ்கா சின்ன வயதில் ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்துவிட்டு, "நாப்பத்தாறுக்கு அப்பறமாங்கப்பா?" என்று தானே கேட்டுக்கொள்வாள். அவள் இப்போது காலேஜ் விடுதியில் இருக்கிறாள். அந்தச் செலவுக்கும் தனியாக எடுத்துவைத்தாயிற்று. சொன்ன வயதில், ஒரு மாதமும் தள்ளிப்போடாமல் மோகன்குமார் நின்றுகொண்டார். ஊரே மூக்கில் விரல் வைத்தது.

பத்திரமாகக் காப்பாற்றிக் கொண்டுவந்த காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலில் அமைதியைக் கேட்கப் போனார். தொண்டாமுத்தூரில் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் பத்து நாள் தங்குவதாகத் திட்டம். முதல் நாள் மயில் அகவியது. இரண்டாம் நாள் யானை வந்ததென்று வெடி போட்டார்கள். மூன்றாம் நாள் விடியலில் பக்கத்துத் தோப்பு மோட்டார் ஓட ஆரம்பித்தது. "உள்ள சுத்தற இம்பெல்லர் சக்கரம் உரசுது, கேக்குதுங்களா?" என்று நண்பரை உலுக்கி எழுப்பினார். நண்பருக்கு மயில்தான் கேட்டது. நான்காம் நாள் பஸ் ஏறி, காந்திபுரத்தில் வேறு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்துவிட்டார்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வரும் புவனா, "இன்னிக்கு என்னங்க பண்ணுனீங்க?" என்று கேட்பார். "சும்மா, நல்லா இருந்தேன் அம்மிணி" என்பார் இவர். ஸ்பேனர்களையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டதால், ஆயுதபூஜைக்குக் கும்பிட ஆயுதம் இல்லாமல் ஸ்க்ரூடிரைவருக்குச் சந்தனம் வைத்தபோது புவனா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து போன் வந்ததும் புவனாவுக்குத் தெரியாது. "மெஷின் வெச்சுப் பாக்கறோமுங்க, ஆனா உங்க காது மாதிரி வரல. அரை நாள் வந்தாப் போதுமுங்க" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்கள். போக வேண்டும் என்று உடம்பெல்லாம் பறந்தது. ஆனால் திரும்பிப் போனால், இருபது வருடம் துணி துவைத்த கைக்கு என்ன பதில் சொல்வது? உன் ஆசைகளையெல்லாம் கட்டிவைத்து வாங்கிய நாட்கள் எனக்குப் பிடிக்கவில்லை என்றா? யோசித்துச் சொல்வதாகப் போனை வைத்தார். தோட்டக் குழாயை எடுத்துக் காய்ந்துபோகாத செடிக்கு மறுபடி தண்ணீர் விட்டார்.

பழனாத்தாள் வந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தது போன வாரம். மூன்றாவது தெருவில் தனியாக இருப்பவர். அவர் வீட்டு மோட்டாரைக் கேட்டுவிட்டு, "நாலு நாள்ல உள்ள இருக்கற காயில் கம்பி கருகீருமுங்க, உடனே பாத்துருங்க" என்று இவர் சொல்லியிருந்தார். யாரோ மெக்கானிக், வேலை பிடிக்க வந்திருக்கிறான் போல என்று நினைத்த பழனாத்தாள், "எத்தனை கேப்பீங்க?" என்றார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாலாம் நாள் காயில் கருகி மோட்டார் நின்றது. இரண்டு நாள் குடம் சுமந்த இடுப்போடு, புவனா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து நின்றார் பழனாத்தாள்.

"ஏனுங்க, தெரிஞ்ச மனுசன் சொல்லிப்போட்டுச் சும்மா போலாமுங்களா? ஒரு கை வெச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?"

மோகன்குமாரின் கைகள் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. பழனாத்தாள் போன பிறகு புவனா கேட்டார்: "காத்தால நடக்கப் போறேன்னுதானுங்க சொன்னீங்க?"

"நடந்துட்டேதான் கேட்டேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

மூன்று நாள் வீட்டில் குழம்பு கொதிக்கும் சத்தம்தான் பெரிதாக இருந்தது. கோபமா, வருத்தமா என்று இவருக்குப் பிடிபடவில்லை. எந்த மோட்டாரையும் கேட்டவுடன் சொல்லிவிடுகிறவர், மனைவியின் மௌனத்தை வைத்துக்கொண்டு திண்டாடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இவர் செருப்பை மாட்டும்போது புவனா பின்கட்டிலிருந்து கூப்பிட்டார். "ஏனுங்க, நம்ம மோட்டார் ஒரு மாதிரி கத்துது. வந்து பாருங்களேன்."

இவர் குந்தி உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரை ஊன்றினார். டெஸ்டிங் மேடையில் நூற்றுக்கணக்கானதைக் கேட்டுப் பொறுக்கி, காசு கொடுத்துத் தானே வாங்கிவந்த மோட்டார் அது. கண்ணை மூடிக் கேட்டார். பேரிங்கில் ஒரு முனகல் இல்லை, உரசல் இல்லை, அதிர்வு இல்லை. இவ்வளவு சுத்தமாக ஓடும் மோட்டாரை அவரே அதிகம் கேட்டதில்லை. கண்ணைத் திறந்து புவனாவைப் பார்த்தார். புவனா மேல்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார் மோகன்குமார். "பேரிங் சத்தம் வருது. கழட்டித்தான் பாக்கோணும்."

"நானும் அதத்தானுங்க சொன்னேன்."

புவனா சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போனார். கழற்றுகிற நட்டுகளைப் போட்டுவைக்க ஓர் எவர்சில்வர் தட்டோடு வந்து, அதை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு வருடமாகப் பரணில் கிடந்த ஸ்பேனர்கள் துரு போகத் துடைத்து, எண்ணெய் தடவி, தட்டில் ஏற்கெனவே வரிசையாக இருந்தன.