கடல் வாங்காத கல்யாண மாலை

எங்கள் வீட்டில் கடலைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கிறது என்று ஒன்பது வயதில் எனக்கு ஒரு நினைப்பு. கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற சாலையில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் ஏறினால் தென்னை மரங்களுக்கு மேலே கடல் ஒரு நீலக் கோடாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா என்னை அங்கே கூட்டிப்போவார். போனதும் மணலில் துண்டை விரித்துத் தூங்கிவிடுவார். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, அவருக்குத் தூக்கம் எப்போதும் போதாது. அவர் தூங்கிய நேரத்தில்தான் நான் கடலைப் படித்தேன்.

படித்தேன் என்றால் சும்மா இல்லை. எந்த இடத்தில் சிப்பி ஒதுங்கும், எந்த நண்டு வளைக்குள் விரலை விடக்கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தேன். கூட்டம் குளிக்கிற எங்கள் கரையில் எதைப் போட்டாலும் கடல் திருப்பிக் கொண்டுவந்து தந்துவிடும். வடக்கே தாழங்குடா பக்கம், பெண்ணையாறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில், தண்ணீர் இறங்குகிற நேரமாகப் பார்த்துப் போட்டால் போனது போனதுதான். என் ஒரு ஜோடி செருப்பை வைத்து இதைக் கண்டுபிடித்தேன். இடது கால் செருப்பு திரும்பி வந்தது, வலது கால் செருப்பு வரவில்லை. அம்மா என் ஆராய்ச்சியை மதிக்கவில்லை, முதுகில் இரண்டு வைத்தாள்.

அந்த வருஷம் வைகாசியில் சின்னத்தைக்குக் கல்யாணம் ஆனது. சின்னத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தாவும் பாட்டியும் முன்பே போய்விட்டதால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். என்னோடு ஒரே பாயில் படுப்பாள், ஜன்னல் பக்கம் யாருக்கு என்று என்னோடு சண்டை போடுவாள், ஒரு கதையைக் கையை ஆட்டி ஆட்டி நாலு விதமாகச் சொல்வாள். மாப்பிள்ளை காட்டுமன்னார்கோயில். அரிசி மில் வைத்திருக்கிற பெரிய குடும்பம், ஒரே வீட்டில் பதினாலு பேர். அத்தை போன அன்றைக்கு ஜன்னல் பக்கம் முழுவதும் எனக்கே கிடைத்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆடி பிறந்ததும் அவளைத் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கல்யாணமான முதல் ஆடியில் பெண் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். மாசம் முழுக்கப் புருஷன் அங்கே, பெண்டாட்டி இங்கே. பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு மட்டும் மாப்பிள்ளை வரலாம். புதுத் தாலிச் சரடு கட்டி, எடுத்து வைத்திருந்த கல்யாண மாலைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு, சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர வேண்டும். ஏன் இப்படி என்று அம்மாவைக் கேட்டேன். "ஆடின்னா அப்டித்தான்" என்றாள்.

வந்த அத்தை போன அத்தையாக இல்லை. கதை சொல்லவில்லை, சண்டை போடவில்லை, ஜன்னல் பக்கத்தை எனக்கே விட்டுக்கொடுத்தாள். அங்கே எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் "நல்லா இருக்கு" என்று ஒரே பதில். வீட்டில் இருந்த ஒரே செல்போன் அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விடும். அது வீட்டில் இருந்த நேரத்திலும் அவள் அதன் பக்கம் போய் நான் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் மாடியில் துணி காயப்போடும்போது அவள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, ஆடி முடிஞ்சி நான் அங்க போவலன்னா அண்ணன் கோச்சுக்குமா?"

அம்மா கையிலிருந்த ஈரப் புடவையைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றாள். அப்புறம், "பதினெட்டு போவட்டும், பேசிக்கலாம்" என்றாள். அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அத்தை இனிமேல் எங்களோடுதான் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினெட்டாம் பெருக்கு அன்றைக்குக் காலையிலேயே சின்னத்தையின் மாப்பிள்ளை, அதாவது என் மாமா, வந்துவிட்டார். அப்பாவுக்கு ஷிப்ட். அம்மா, முதுநகரில் வாழ்க்கைப்பட்டிருந்த பெரியத்தை, சின்னத்தை, மாமா, நான் என்று ஐந்து பேர் கடலுக்கு நடந்தோம். பெண்கள் மூவரும் தாம்பாளம், சித்ரான்னத் தூக்கு என்று பின்னால் வந்தார்கள். காய்ந்து சருகாகிப் போன மாலைகளை மாமா ஒரு மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு என்னோடு முன்னால் நடந்தார். அவர் வீராணம் ஏரிக்காரர், கடல் பழக்கமில்லாதவர் என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்.

"பாப்பா, இங்க மாலைய வுட்டா போயிடுமா?" என்று கேட்டார். என் செருப்பு ஆராய்ச்சி முழுவதையும் விளக்கினேன். வேறு யாரும் அதை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. முகத்துவாரம் எவ்வளவு தூரம் என்றார். முக்கால் மணி நேரம் மணலில் நடக்க வேண்டும் என்றேன். பெரியவர்களால் நடக்க முடியுமா என்றார். பெரியத்தைக்கு முட்டி வலி, நடக்க மாட்டாள் என்றேன். அப்படியானால் அம்மா வருவாங்களா என்றார். பெரியத்தையைக் கூட்டத்தில் தனியாக விட்டுவிட்டு அம்மா எங்கும் போக மாட்டாள் என்றேன். ஏரிக்காரருக்குக் கடலைக் கண்டு பயம், அதனால்தான் இவ்வளவு கேள்வி என்று நினைத்துக்கொண்டேன்.

கரைக்கு வந்ததும் மாமா மணலில் கிடந்த ஓர் இளநீர்க் கூட்டை எடுத்தார். இரண்டடி ஓடி வீசினார். அது மூன்றாவது அலையையும் தாண்டிப் போய் விழுந்தது. நான் வாயைப் பிளந்தேன். "ஊர்ல கிரிக்கெட் ஆடுவோம் பாப்பா. எல்லைலேருந்து போட்டா நேரா கீப்பர் கையில நிக்கும்" என்றார்.

கரை முழுக்கப் புதுப் புடவைகளும் மஞ்சள் கயிறுகளுமாக இருந்தது. வாழையிலை போட்டு, காப்பரிசியும் பழமும் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டோம். பெரியத்தை புதுச் சரடு கட்டினாள். சின்னத்தை குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு இரண்டு மாலைகளையும் ஒன்றாக முடிந்து மாமாவிடம் கொடுத்தார்கள். இருவரும் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினார்கள். மாமா மாலையைப் போட்டார்.

அது அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது. அடுத்த அலை அதைத் தூக்கி வந்து அத்தையின் காலில் சுற்றியது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது. மூன்றாம் முறை வந்த அலை பெரியது. மாலை அவர்கள் இருவரையும் தாண்டி, கரையேறி, பெரியத்தையின் தூக்குப் பக்கத்தில் வந்து கிடந்தது. அத்தனை பேர் நிற்கிற கரையில் அந்தத் தூக்கைத் தேடிப்பிடித்து வந்த மாதிரி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கடலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று திரிந்தவள் நான். ஆனால் அதற்குக் கண் இருக்கும், மனசு இருக்கும் என்று அதுவரை நினைத்ததில்லை. எங்களைச் சுற்றி மற்றவர்களுடைய மாலைகளும் நிறையக் கரையொதுங்கிக் கிடந்தன. அவற்றை யாரும் பார்க்கவில்லை.

"சமுத்திரம் வாங்க மாட்டேங்குதே" என்றாள் பெரியத்தை. அம்மா சின்னத்தையைத்தான் பார்த்தாள். சின்னத்தை முகத்தில் பயம் இல்லை. தனக்குத் தெரிந்திருந்ததை இன்னொருவர் வாயால் கேட்டவள் போல, அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அத்தை எங்களோடு தங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்த கேள்வி வந்துவிட்டால் கை தூக்காமல் இருக்க முடியாத பிள்ளை நான். "முகத்துவாரத்துல போட்டா திரும்ப வராது பெரியத்த" என்றேன்.

"அப்டியா பாப்பா? எனக்குத் தெரியாதே" என்றார் மாமா. அரை மணி நேரம் முன்னால்தான் இவருக்குத் தொண்டை வலிக்கச் சொல்லியிருந்தேன். பெரியவர்களுக்கு ஞாபக சக்தி இவ்வளவுதான் என்று எரிச்சலாக வந்தது.

பெரியத்தை யோசித்தாள். தன் முட்டியைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள். ஆடியில் அந்த இருவரையும் தனியாக அனுப்பவும் மனசில்லை, மாலையைக் கரையில் விட்டுப்போகவும் மனசில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்: "நீ நடுவுல நட. அவுங்கள வுட்டு நகரக் கூடாது."

கொஞ்ச தூரம் நடுவில்தான் நடந்தேன். அப்புறம் ஈர மணலில் சிவப்பு நண்டுகள் கூட்டமாக ஓடின. அவற்றைப் பார்த்துக்கொண்டு நேராக நடப்பது யாராலும் ஆகாத காரியம். நான் முன்னால் ஓடினேன், அவர்கள் பின்னால் வந்தார்கள். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவர்களுக்கு இடையே நான் நடக்க வேண்டிய இடம் குறைந்துகொண்டே வந்தது.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்து வாய் அகலமாகத் திறந்திருந்தது. நான் முன்பு பார்த்த முகத்துவாரம் இல்லை அது. செம்மண் நிறத்தில் ஆறு ஒரு பக்கம், பச்சையாகக் கடல் ஒரு பக்கம், நடுவில் கோடு கிழித்தது போல நுரை. அலைச் சத்தம் இல்லை. ஆறு சத்தமே போடாமல் அவ்வளவு பெரிய கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மணல் திட்டில் உட்கார்ந்திருந்த ஆலாப் பறவைகள் எங்களைக் கண்டதும் ஒன்றாக எழும்பின. கொஞ்ச நேரம் வானம் வெள்ளையாக இருந்தது.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளி நிறுத்திவிட்டு, அத்தையின் கை ஒருமுறை மாலையில் படும்படி காட்டிவிட்டு, வீசினார். மாலை காற்றில் விரிந்து போய் ஆற்றின் நடுவில் விழுந்தது. விழுந்த உடனேயே போக ஆரம்பித்தது. மேலும் கீழும் ஆடாமல், ஒரு தடவைகூடத் திரும்பாமல், செம்மண் தண்ணீரோடு போய், நுரைக்கோட்டைக் கடந்து, பச்சைத் தண்ணீரில் சின்னதாகிக்கொண்டே போனது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. எங்கள் மாடியிலிருந்து பார்க்கும்போது வெறும் கோடாகத் தெரிகிற கடல் இதுதானா என்று இருந்தது. அது இவ்வளவு ஆழம், இவ்வளவு தூரம், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறது. பயமாக இருந்தது, அழுகை வருவது போல இருந்தது, அதே சமயம் அங்கிருந்து போகவும் பிடிக்கவில்லை. மாலை புள்ளியாகி, புள்ளியும் போனபிறகு, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினேன்.

அவர்கள் பார்க்கவே இல்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் கண்ணீர்.

"யாரு சாப்ட்டா, யாரு சாப்டலன்னு பாக்கவே பொழுது போயிடுது. நீ சாப்ட்டியான்னு நீங்க ஒரு நாள் கேட்டீங்களா?"

"கேக்கல" என்றார் மாமா. "அத்தன பேரு நடுவுல எப்டிக் கேக்கறதுன்னு தெரியல. இப்பக் கேக்கறேன்."

சாப்பாட்டுப் பேச்சில் எனக்கு ஆர்வம் இல்லை. இவ்வளவு பெரிய அதிசயம் எதிரே நடக்கும்போது இதையா பேசுவார்கள் என்று அவர்கள்மேல் கோபம்தான் வந்தது. மறுபடியும் கடலைப் பார்க்கப் போய்விட்டேன். வெயில் சாய ஆரம்பித்த பிறகுதான் கூப்பிட்டார்கள். எங்களைக் கண்டதும் பெரியத்தை கேட்ட முதல் கேள்வி மாலை போனதா என்பது. நான்தான் பதில் சொன்னேன், பார்த்தவள் நான் ஒருத்திதானே.

ஆடி கடைசி வாரத்திலேயே அத்தை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். ஆவணி பிறந்ததும் மாமா வந்தார். பஸ் ஸ்டாண்டில் அவள் காலைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையை இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். போக மாட்டேன் என்று சொன்னவள் ஏன் போகிறாள், அதுவும் சிரித்துக்கொண்டு ஏன் போகிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை. யார் அவள் மனசை மாற்றினார்கள் என்று தெரிந்தால் அவர்களை ஒரு வழி செய்துவிடலாம் என்றிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தூங்கியதும், அத்தை விட்டுப்போன ரப்பர் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாமா நின்ற அதே இடத்தில் நின்றேன். இந்தக் கரையில் போட்டது திரும்பி வரும், செருப்பு வந்தால் அத்தையும் வருவாள் என்பது என் திட்டம். முழுப் பலத்தோடு வீசினேன். செருப்பு திரும்பி வந்தது. ஆனால் அதைவிட ஆச்சரியமான ஒன்றைக் கவனித்தேன். மாமா போட்ட மாலையை விட நான் போட்ட செருப்பு இரண்டு மடங்கு தூரம் போயிருந்தது. இளநீர்க் கூட்டை மூன்று அலை தாண்டி வீசிய கை, முகத்துவாரத்தில் நடு ஆறு வரைக்கும் வீசிய கை, இங்கே மட்டும் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையிடம் தோற்றிருந்தது. எனக்கு மாமாவை நினைத்துக் கவலையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வழியில் மாமா கேட்ட கேள்விகளையும் சேர்த்துத்தான். "மாமாவுக்குக் கையில ஏதோ வலி வந்து வந்து போவுதும்மா. அத்தைட்ட சொல்லி டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு" என்றேன்.

அம்மா அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள், சுவரில் சாய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ஒரு மனுஷனுக்குக் கை வலித்தால் இப்படியா சிரிப்பது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டேன்.

"ஆடின்னா அப்டித்தான்" என்றாள்.