எட்டுப் பாட்டும் முழுசாக: கேமரன் மலையில் ஒரு ராக் குழுவோடு நான்கு நாள்

வெள்ளிக்கிழமை, காலை 8.30

கோலாலம்பூர் பேருந்து நிலையத்தில் என்னை ஏற்றிவிட்ட மகள், "அம்மா, தேயிலையைப் பாரு, ஸ்ட்ராபெரி தின்னு, நிம்மதியா தூங்கு" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தாவுக்கு டிக்கெட் நாற்பத்திரண்டு ரிங்கிட். கரூர் தபால் ஆபீசில் முப்பது வருசம் கவுன்டரில் உட்கார்ந்து ஊர்ச் சத்தத்தை எல்லாம் வாங்கிக்கொண்டவள் நான். எனக்கு வேண்டியது அமைதி ஒன்றுதான்.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்ததும் மலைப்பாதை, அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வால்பாறையின் நாற்பது வளைவுகளையும் அசராமல் கடந்தவளாக்கும் என்று மார்தட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வால்பாறையில் வளைவுக்கு எண் போட்டிருப்பார்கள், எப்போது முடியும் என்று தெரியும். இங்கே எண்ணே கிடையாது. அரை மணி நேரத்தில் என் வீறாப்பெல்லாம் இறங்கிவிட்டது. பக்கத்து இருக்கை மலாய்க்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து இஞ்சி மிட்டாய் எடுத்து என் கையில் திணித்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. மகராசி, நன்றாக இருக்கட்டும்.

மதியம் 1.15

தானா ராத்தாவில் காரோடு காத்திருந்தவர் மேரி. மகள் எனக்காகப் பதிவு செய்திருந்த தங்கும் வீட்டுக்குச் சொந்தக்காரி, நாற்பத்தெட்டு வயது. அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்தவராம். தானா ராத்தாவிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் பிரிஞ்சாங், அங்கேதான் வீடு. வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் பாதியை ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

"என்ன மேரி இது, கல்யாண மண்டபமா?"

"பேண்டு லா அக்கா. ராக் பேண்டு. நான்தான் பாட்டுக்காரி."

இங்கே பேச்சுக்குப் பேச்சு ஒரு "லா" ஒட்டிக்கொள்கிறது. அமைதி தேடி இத்தனை வளைவு ஏறி வந்தவளுக்கு இப்படி ஒரு சோதனையா!

குழுவின் பெயர் "பதினோராம் கட்டை". இந்த ஊரில் மைல்கல்லுக்குக் கட்டை என்று பெயர். சொந்தப் பாட்டு எதுவும் கிடையாது. பழைய ஆங்கில ராக் பாட்டுகளையும், மலாய்க்காரர்கள் உயிரை விடும் மலாய் ராக் பாட்டுகளையும் எடுத்து வாசிப்பார்கள். மாதா கோயில் பாடல் குழுவில் பத்து வயதில் பாட ஆரம்பித்த மேரி, அண்ணன் வைத்திருந்த கேசட்டுகளைக் கேட்டு இந்தப் பக்கம் தாவிவிட்டாராம். "ஃபாதர் ஒன்னும் சொல்லலியா?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை காலையில அங்க பாடிடுவேன் அக்கா. மத்தியானம் என் இஷ்டம்" என்றார்.

சனிக்கிழமை, காலை 9.00

முட்டைக்கோஸ் வாங்க மேரி திரிங்காப் கிளம்பினார், நானும் ஒட்டிக்கொண்டேன். பிரிஞ்சாங்கிலிருந்து ஏழு கிலோமீட்டர் இருக்கும். மலைச்சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட பூத்தோட்டமும் காய்த்தோட்டமும். கோஸ் கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், எண்ணுவதை நிறுத்தாமலே மேரியைப் பார்த்து, "போன வாரம் ரெண்டாவது பாட்டுல சுருதி இறங்கிட்ட" என்றார். நல்ல வரவேற்பு!

அவர்தான் குணா, குழுவின் கிட்டார்காரர். அப்பா காலத்து மூன்று ஏக்கர் தோட்டம், சொந்த லாரி. மொத்தச் சந்தையில் சரக்கு இறக்க மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டுமாம். அந்த நேரத்தில் லாரிக்குள் உட்கார்ந்தபடியே கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறார். எதையும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்கிற ஆள். கூடையில் கோஸ் அடுக்குவதைப் பார்த்தாலே அது தெரிந்தது.

திரும்பி வரும்போது காரில் மேரி மீதி இரண்டு பேரைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்துகொண்டே போனது.

"தாஸுன்னு ஒருத்தன் அக்கா, பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். எட்டு மாசத்துக்கு முந்தி வீட்டு வாசல்ல மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டிருக்கான், எஞ்சினை ஓட விட்டுட்டு. இடது கையில நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோட போயிடுச்சு. கம்பி அழுத்துற கை."

மதியம் 2.30

பயிற்சி நடக்கும் இடம் தேயிலைத் தோட்டத்து டேவான். டேவான் என்றால் பொதுக்கூடம், தகரக் கூரை. அரை நாள் வேலையை முடித்துக்கொண்டு ஒரே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஓட்டி வந்தவர் முனி, டிரம்ஸ் வாசிப்பவர். பின்னால் தாஸ், இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பேரும் இந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள்.

முனி மாரியம்மன் கோயிலில் உறுமி மேளம் அடித்து வளர்ந்தவர். தாஸுக்கு இசை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முனிதான் பதில் சொன்னார்: "என்கிட்டேருந்துதான், மெஷின் பிடிச்சு."

இங்கே கொழுந்தைக் கையால் கிள்ளுவது ரொம்பக் குறைவு. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள். நடுவில் எஞ்சின் வைத்த நீளமான வெட்டும் மெஷின். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பிடியைப் பிடித்துச் செடிக்கு மேலே ஏந்திக்கொண்டு நடக்க வேண்டும். வெட்டிய கொழுந்து விழும் பையைப் பிடித்தபடி பின்னால் இன்னொருவர் வருவார். ஓர் ஆள் அரை அடி முந்தினாலும் வெட்டு கோணிவிடும். எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. காலடி சறுக்கும் இடம் வந்தால் மட்டும் ஒருவர் "பள்ளம்!" என்று கத்துவார், உடனே இரண்டு பேரும் சேர்ந்து நடையைக் குறைப்பார்கள். பதினெட்டு வருசம் முனியும் தாஸும் அப்படி எதிரெதிரே நடந்திருக்கிறார்கள். டிரம்ஸும் பேஸும் ஒன்றாக நடந்தால்தான் ராக் பாட்டு நிற்குமாம். இவர்களுக்கு அது காலில் ஏறியிருக்கிறது.

அதில் ஒரு கோளாறும் உண்டு. செடி வரிசை முடிந்ததும் பையை மாற்ற ஒரு கணம் நிற்பார்களே, பாட்டிலும் அவ்வப்போது அப்படி நின்றுவிடுகிறார்கள், இரண்டு பேரும் ஒரே சமயத்தில்! பயிற்சியில் அதை நானே கேட்டேன். குணா கிட்டாரை இறக்கிவிட்டுக் கத்தினார்: "வரிசை முடியல லா! நடங்கடா!"

தேநீர் நேரத்தில் தாஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இடது கையால் சூடான கிளாஸைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். குளிர் பட்டால் அந்த இரண்டு விரல் நுனியும் மரத்துப்போகிறதாம்.

"இப்ப எனக்குக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில வேலை அக்கா. மெஷின் பிடிக்க நம்பிக்கை வரல. இதுலயும் அப்படித்தான். அடுத்த மாசத்துலேருந்து ஹோட்டல்ல சனிக்கிழமை தோறும் ஷோ கிடைச்சிருக்கு. என்னால இவங்க பேர் கெடக்கூடாது. ஈப்போவுல சுரேன்னு ஒரு தம்பி நல்லா வாசிப்பான். நானே பேசி வச்சிட்டேன். நாளைக்கு இங்க குடும்ப நாள் விழா, எட்டுப் பாட்டு. எட்டும் முழுசா வாசிச்சா நான் இருக்கேன். ஒன்னுல கை விட்டாலும் சுரேனுக்கு போன் அடிச்சிடுவேன்."

"இவங்க என்ன சொல்றாங்க?"

"மேரி அழுவுது. குணா, சுரேன் நல்ல சாய்ஸுன்னு சொல்றான்." கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "முனி ஒன்னும் சொல்லல" என்றார்.

முனி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, குச்சியால் தன் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.30

தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. டேவான் நிறைந்த கூட்டம். தோட்டத்துத் தமிழர்கள், வங்காளதேசத்துத் தொழிலாளர்கள், லயத்துப் பிள்ளைகள், ஒரு மேசை நிறைய மீ கோரெங் நூடுல்ஸ். நான் மேடையோரம் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், மடியில் மகள் கொடுத்த வெந்நீர் பிளாஸ்க்.

முதல் பாட்டு மலாய். மேரி வாயைத் திறந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலையில் எனக்கு முட்டை அவித்துத் தந்த பெண்ணா இது! அமைதி வேண்டும் என்று வந்தவள், இரண்டாவது பாட்டில் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். தாஸ் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் வைத்தே ஓட்டினார். அந்த விரல்களைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு, தரையில் வைத்திருந்த தேநீர் கிளாஸை எடுத்துக் கையைச் சூடு பண்ணிக்கொண்டார். நாலாவது பாட்டு முடிந்து எடுத்தபோது அது ஆறிப்போயிருந்தது, அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. யோசிக்காமல் எழுந்து போய் என் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றினேன். கூட்டம் கைதட்டியது. எனக்கும் மேடை ஆசை இருந்திருக்கும் போல, பாருங்கள்.

ஐந்து முடிந்தது. ஆறாவது எல்லாவற்றையும் விட வேகமான ஆங்கிலப் பாட்டு. பாதியில் தாஸின் கை வழுக்கியது. திடீரென்று பாட்டுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. ராக் இசையில் எனக்கு அ, ஆ கூடத் தெரியாது, ஆனால் எனக்கே கேட்டது. தாஸ் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

முனி நிறுத்தவில்லை. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்:

"பள்ளம்!"

கத்திய கையோடு தாளத்தைக் குறைத்தார், சறுக்கும் இடத்தில் நடக்கிற நடைக்கு. ஒரு கணம் கூட்டம் விழித்தது. பிறகு மெஷின் பிடித்துப் பழகிய அத்தனை பேரும் சிரித்து, தரையில் காலை ஊன்றி மிதிக்க ஆரம்பித்தார்கள். குணா ஏதோ திட்டினார், ஆனால் வேகத்தைக் குறைத்தார். மேரி ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பிடித்தார். நான் தாஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மறுபடி கம்பிக்குப் போனது. பாட்டுக்கு அடியில் அந்தக் கனத்த சத்தம் திரும்பி வந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்பட என்ன இருக்கிறது, அழுதேன்.

ஏழும் எட்டும் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன.

மாலை 4.45

ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தாஸ் போனை எடுத்தார். "ஆறாவதுல விட்டுட்டேன். சொன்னா சொன்னதுதான்."

"எதை விட்ட?" என்றார் முனி. இந்த விஷயத்தில் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "வழுக்குனா மெஷினைக் கீழயா போட்டோம் இத்தனை வருசமா? மெதுவாப் போனோம், வரிசை முடிஞ்சுச்சு. அவ்வளவுதான்."

தாஸ் குணாவைப் பார்த்தார். தீர்ப்பு அங்கிருந்துதான் வரும் என்று எனக்கும் தோன்றியது. குணா கிட்டார் பெட்டியின் கொக்கியை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"அந்த ஸ்பீடுலயே வச்சுக்குவோம் லா. பாட்டு இப்பத்தான் நல்லா இருக்கு. இத்தனை வருசமா நாய் துரத்துற மாதிரியில்ல வாசிச்சோம்."

தாஸ் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு ஸ்பீக்கரைத் தூக்கப் போய்விட்டார். இருப்பாரா, போவாரா? யாரும் கேட்கவில்லை. கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "தம்பி, எனக்கு அந்த ஆறாவதுதான் ரொம்பப் பிடிச்சது" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை, காலை 6.40

சமையலறையிலிருந்து மேரியின் கூச்சல். பதறி ஓடினேன். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். குழுவுக்குத் தாஸ் அனுப்பிய செய்தி: "சனிக்கிழமை பயிற்சி எத்தனை மணிக்கு?"

நானும் மேரியும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அடுப்பில் தோசை கருகியது. கருகட்டும்!

காலை 7.15

எனக்கு எட்டரைக்கு பஸ். கரூரில் கல்யாண வீடுகளில் பாட்டுக் கச்சேரி ஆரம்பித்தாலே சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறவள் நான். அந்த மேடைகளில் வாசித்தவர்களின் முகம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. இந்த நாலு பேர் என்னை மேடையோரம் உட்கார வைத்து, வெந்நீர் ஊற்ற விட்டு, தங்கள் கவலையில் எனக்கும் பங்கு கொடுத்தார்கள். ஓர் அந்நியருக்கு இதைவிட என்ன செய்ய முடியும்? இதையெல்லாம் மேரியிடம் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அவர் காரைச் சடக்கென்று ஓரம் கட்டினார்.

"அடப்பாவி! இன்னைக்கேவா போயிட்டான்!"

சாலைக்கு மேலே சரிவில், பனி விலகாத தேயிலை வரிசையின் இந்தப் பக்கம் முனி, அந்தப் பக்கம் தாஸ். நடுவில் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. தாஸ் விடியற்காலையிலேயே வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் போய், நிறுவைக் கொட்டகை வேண்டாம், என் பக்கத்தைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

நான் இறங்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். முனி பார்த்து ஏதோ சொன்னார். தாஸ் திரும்பினார், சிரித்தார், தலையை மட்டும் ஆட்டினார். கை அசைக்கவில்லை. அவருடைய இரண்டு கைகளும் பிடியில் இருந்தன.