எமகண்டம் முடியட்டும் என்றேன்

மலேசியாவில் பல்கலைக்கழகம் புக எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதிய என் பேத்தி தர்ஷினிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அதை ஏற்றுக்கொள்வதாக இணையத்தில் உறுதி செய்ய வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசிக் கெடு. நல்ல நேரம் பார்த்துப் பார்த்தே மற்ற நாட்களை நான் கடத்திவிட்டேன்.

அன்று மூன்று மணிக்கு, "தாத்தா, இப்பவே அமுக்கிடுறேன் லா" என்றாள்.

"எமகண்டம்மா. நாலரைக்கு மேல செய்."

"கம்ப்யூட்டருக்கு ஏதுப்பா எமகண்டம்?" என்று என் மகன் முணுமுணுத்தான். ஆனாலும் என் பேச்சைத் தட்டவில்லை.

நான்கு மணிக்குக் கடல் பக்கமிருந்து வானம் கறுத்து வந்தது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினேன். ஏழு வரை எண்ண முடிந்தது, பிறகு நான்கு, பிறகு எண்ணவே நேரமில்லை. மின்சாரம் போனது. கைப்பேசியிலும் லைன் இல்லை.

மகன் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, லைன் கிடைக்கும் இடம் தேடித் தஞ்சோங் காராங் ஊர்ப் பக்கம் விரைந்தான். வழியெல்லாம் செம்பனை மட்டைகள் விழுந்து கிடந்தன. தர்ஷினி கைப்பேசியைக் கண்ணாடியோரம் பிடித்தபடியே வந்தாள். நான் நிமிடத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தேன்.

வயல் வாய்க்காலோரம் லைன் கிடைத்தபோது ஐந்தாக நான்கு நிமிடம் இருந்தது. அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசியில், "உறுதியாயிடுச்சு, தாத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

அவள் விடுதிக்குக் கிளம்பிய நேரம் ராகு காலம். அவள் பெட்டியை நானே தூக்கிக் காரில் வைத்தேன். இப்போதும் நாட்காட்டி பார்க்கிறேன், காரியம் முடிந்த பிறகு.